கழற்றிய தாழ்ப்பாள்: 16 வயது மாணவி ஒருத்தியின் ஏழு மாதச் சிகிச்சை

ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்த அம்மா, அவளுடைய முன்கையில் வரிசையாகச் சில கீறல் தழும்புகளைப் பார்த்தார். அன்று மாலையே அப்பா ஸ்க்ரூடிரைவர் எடுத்துப்போய் மாடி அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார். மகளின் செல்போன் பீரோவுக்குள் போனது. அன்றிரவு முதல் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு போய் மகளின் அறையிலேயே படுக்க ஆரம்பித்தார். நான்கு நாள் கழித்து மூவரும் மதுரையில் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே போவதற்கு முன் ஒரு வார்த்தை. மருத்துவ உளவியலாளராக நான் பார்த்த ஒரே பெண்ணின் கதையை இங்கே அப்படியே எழுதவில்லை. ஏறக்குறைய ஒரே பாதையில் வந்த சில பிள்ளைகளின் அனுபவங்களை, யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஒருத்தியின் வாழ்க்கையாகச் சேர்த்திருக்கிறேன். பெயரும் வைக்கவில்லை.

வந்தபோது இருந்த நிலை

மாணவி பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. பத்தாம் வகுப்பில் 471 மதிப்பெண். ஜூன் தொடக்கத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது வயிற்று வலி என்று பள்ளிக்குப் போகவில்லை. ஊர் மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். பிள்ளை எங்கேயோ பயந்திருக்கிறாள் என்று மந்திரித்துக் கயிறும் கட்டியிருந்தார்கள். வெயில் காலத்திலும் முழுக்கைச் சுடிதார் போடுகிறாளே என்று அம்மாவுக்கு ஒரு யோசனை இருந்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்கவில்லை.

முதல் பத்து நிமிடம் பெற்றோருடன் பேசிவிட்டு அவளைத் தனியாகப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அம்மாதான் பயப்படுறாங்க" என்றாள். பதின்பருவத்தினர் பலரும் இப்படித்தான் தொடங்குவார்கள், அதில் பொய் கிடையாது. அழைத்துவந்தவர்கள் பெற்றோர், அவள் இன்னும் வரவே இல்லை.

"செத்துப்போகலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று நேராகவே கேட்டேன். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பெற்றோர், ஆசிரியர் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி பெரிய ஆறுதல். சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "இல்லாம போனா நல்லாருக்கும்னு தோணும். ஆனா எதுவும் பண்ண மாட்டேன்" என்றாள். திட்டம் எதுவும் இல்லை. கையைக் கீறிக்கொள்வது சாவதற்காக இல்லை, உள்ளே இருக்கும் இறுக்கம் கொஞ்ச நேரம் அடங்குவதற்காக என்று பிறகு சொன்னாள். வீட்டிலோ வெளியிலோ யாராவது தப்பாகத் தொட்டார்களா என்பதையும் கேட்டேன். இல்லை என்றாள்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியலின் பதின்பருவ வடிவத்தில் 27-க்கு 17 வந்தது; எண் கூடக் கூடச் சோர்வும் கூடுதல். ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 9.4. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. சோர்வு, படபடப்பு, கவனமின்மை எல்லாவற்றையும் மனசின் கணக்கிலேயே எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை அன்றே ஆரம்பமானது.

பின்னணி

அப்பா லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டிலேயே தையல். ஏழாம் வகுப்பில் ஒரு தம்பி. மதுரையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் வீடு.

ஆறு வயதிலிருந்து அவள் அப்பத்தா பக்கத்தில்தான் தூங்கினாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும், பேத்தி இனிமேல் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று அப்பத்தா சித்தப்பா வீட்டுக்குக் கிராமத்துக்குப் போய்விட்டார். அதே கோடையில் அப்பா கடன் வாங்கி மாடியில் ஓர் அறை கட்டினார். அவளுக்கென்று மேசை, மின்விசிறி, தாழ்ப்பாளோடு ஒரு கதவு. ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த தோழி வணிகவியல் எடுத்து வேறு பள்ளிக்குப் போனாள். ஜூன் முதல் மாலை 5 மணியிலிருந்து 8.30 வரை நீட் பயிற்சி. இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தாள். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகிறது, சீக்கிரம் படுக்கச் சொன்னாலும் தூக்கம் தாமதமாகத்தான் வரும். ஆக, நான்கரை மணி நேரத் தூக்கத்தில் அவள் ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அறையைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாரும் எனக்கு தனி ரூம் கிடைச்சதுன்னு சொன்னாங்க. எனக்கு அங்க தூக்கமே வரல. ஆனா கடன் வாங்கிக் கட்டியிருக்காங்க, எப்படி சொல்றது?"

என் கணிப்பு

கோடை முடிவதற்குள் மூன்று இழப்புகள்: அப்பத்தா, தோழி, தூக்கம். மூன்றும் பெரியவர்கள் கண்ணுக்கு இழப்பாகவே தெரியவில்லை. தனி அறையும் நல்ல பள்ளியும் பயிற்சி வகுப்பும் வெளியிலிருந்து பார்த்தால் வரவுதானே.

இவற்றுக்கு அடியில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. ஆறாவது அமர்வில்தான் அது வாயிலிருந்து வந்தது: "நான் இந்த வீட்டுக்கு ஒரு செலவு மேடம்." அப்பா இரவு உட்கார்ந்து சீட்டு, வட்டி, பயிற்சிக் கட்டணம் என்று நோட்டில் எழுதுவதைப் பார்த்தே வளர்ந்தவள். மதிப்பெண் குறைந்தால் முதலும் போச்சு, வட்டியும் போச்சு என்று தன்னையே கணக்குப் போட்டாள்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் எழுதிய ஆய்வில் இளைஞர்களின் அடையாளம் உருவாகும் நிலைகளைப் பிரித்தார். அதில் ஒன்று, எதையும் தேடிப் பார்க்காமலேயே பெரியவர்கள் தந்த இலக்கைத் தன் இலக்காக ஏற்றுக்கொள்வது. வெளியே பார்க்க அது உறுதி போலவே இருக்கும், ஒரு தேர்வில் அடி விழும்வரை. "டாக்டராகணும்னு உனக்கு எப்ப தோணுச்சு?" என்று கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. விருப்பம் இல்லை என்பதால் இல்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை.

நம் வீடுகளில் சுதந்திரம் பெரும்பாலும் ஒரே நாளில் மொத்தமாக வருகிறது. ஹாஸ்டலில் கொண்டுபோய் விடும் நாளில், இல்லையென்றால் கல்யாணத்தன்று. அதற்கு முன்னால் ஒத்திகை கிடையாது. இவளுக்கும் தனிமை மட்டும் முதலில் வந்தது. தானாக முடிவெடுக்கும் உரிமை வரவில்லை. அப்புறம் அந்தத் தனிமையும் ஸ்க்ரூடிரைவரோடு போனது.

அப்பா தாழ்ப்பாளைக் கழற்றியதை நான் தவறு என்று சொல்லவில்லை. பயந்த மனிதர் கைக்கு எட்டியதைச் செய்தார். அந்த வாரத்தில் அவளைத் தனியே விடாமல் இருந்ததும் சரிதான். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், கூர்மையான பொருட்கள், சித்தப்பா வீட்டில் பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொன்னதே நான்தான். ஆனால் தாழ்ப்பாள் எப்போது திரும்ப வரும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. முதல் நாளே அதை ஒரு தாளில் எழுதினோம்: "தாழ்ப்பாள் திரும்ப வரும். எப்போது என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்." மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அந்தத் தாளை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள்.

முதல் அமர்வுகள், நான் செய்த தவறு

பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பெற்றோர்தான் பிரதிநிதி. அவர்கள் சம்மதம் வேண்டும். ஆனால் அவள் பேசுவது அவளுடையது. இதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: உயிருக்கு ஆபத்து என்றால், அடுத்தவருக்கு ஆபத்து என்றால், பாலியல் துன்புறுத்தல் என்றால் நான் சொல்லியே ஆக வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறைத்தால் போக்சோ சட்டப்படி அதுவே குற்றம். மற்றவை இந்த அறையைத் தாண்டாது.

சொன்ன நானே அதை மீறினேன். மூன்றாவது அமர்வு முடிந்த மறுநாள் அம்மா போன் செய்து அழுதார். என்ன சொன்னாள், ஏதாவது பையன் விஷயமா என்று கேட்டார். அவரை ஆற்றுவதற்காக, "அதெல்லாம் இல்லம்மா, பிரெண்ட் பிரிஞ்சுபோன வருத்தம்தான் பெருசா இருக்கு" என்றேன். அன்று இரவே அம்மா மகளிடம், "ஒரு சிநேகிதிக்காகவா இப்படிப் பண்ணிக்கிட்டே?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த இரண்டு அமர்வுகளும் அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் காரணம் கூறவில்லை. "நீ சொன்னதை உன்னைக் கேக்காம அம்மாகிட்ட சொன்னது என் தப்பு. உன் கதவை நானும் தட்டாம திறந்துட்டேன். மன்னிச்சுக்கோ" என்றேன். பிறகு ஒரு விதி வைத்தோம். இனிமேல் அம்மாவோ அப்பாவோ என்னிடம் பேசினால் அது அவளுக்குத் தெரிய வேண்டும், என்ன சொல்லலாம் என்பதை அவள் முதலில் சொல்வாள். ஆறாவது அமர்வில் கதவருகே நின்றுகொண்டு, "பெரியவங்க யாரும் எங்கிட்ட சாரி சொன்னதில்ல மேடம்" என்றாள். "நான் ஒரு செலவு" என்ற வாக்கியமும் அன்றுதான் வந்தது. சிகிச்சை உண்மையில் தொடங்கியது அன்று என்றே நினைக்கிறேன்.

ஆட்டுக்குட்டியும் மாத்திரையும்

மனச்சோர்வு சிகிச்சையில் செயல் தூண்டல் என்று ஒன்று உண்டு. மனசு சரியானதும் செய்வோம் என்று காத்திருக்காமல், முன்பு உயிர் தந்த சின்னச் செயல்களைக் கால அட்டவணையில் போட்டுச் செய்வது. மனநிலை பின்னால் வரும். ஒரு வாரம் முழுக்க மணிவாரியாக என்ன செய்தாள், அப்போது மனசு பத்துக்கு எவ்வளவு இருந்தது என்று எழுதிவந்தாள். எல்லாம் இரண்டு, மூன்று. ஞாயிறு மதியம் மட்டும் ஏழு. அப்பத்தாவைப் பார்க்கக் கிராமத்துக்குப் போயிருந்தாள். அங்கே கழிச்சலில் கிடந்த ஓர் ஆட்டுக்குட்டிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியிருக்கிறாள்.

வாராவாரம் ஞாயிறு அப்பத்தா வீடு என்று முடிவானது. பயிற்சி மையத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு போகும் என்று அப்பா தயங்கினார். ஒரு மாதத்துக்கு மட்டும் என்று கேட்டு வாங்கினேன். இரவு பதினொன்றரைக்கு மேல் புத்தகம் இல்லை என்றும் ஏற்பாடு.

ஐந்தாவது வாரத்தில் பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 17-லிருந்து 16-க்குத்தான் இறங்கியிருந்தது. மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். பெற்றோர் பதறிப்போனார்கள், 'பழக்கமாகிவிடும், படிப்பு போய்விடும்' என்று. அவர்களிடம் 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வைச் சொன்னேன். 12 முதல் 17 வயது வரையிலான 439 பேர். 12 வாரத்தில், மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் தேறினார்கள். மாத்திரை மட்டும் என்றால் 61, பேச்சு சிகிச்சை மட்டும் என்றால் 43, மருந்தே இல்லாத போலி மாத்திரை என்றால் 35. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த வகை மருந்துகள் இளவயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும், தொடக்க வாரங்களில் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று எச்சரித்ததையும் மறைக்கவில்லை. மாத்திரை வேண்டுமா என்று மருத்துவர் அவளிடமும் கேட்டார். "சாப்பிடுறேன். ஆனா அம்மா எடுத்துக் கொடுக்கட்டும்" என்றாள். தன்னால் எது முடியும், எதற்கு இன்னொருவர் வேண்டும் என்று அவளே பிரித்துச் சொன்ன முதல் முடிவு அது.

அப்பா

எட்டாவது அமர்வுக்கு அப்பாவை மட்டும் அவளுடன் உட்காரவைத்தேன். அவள் எழுதிவைத்திருந்ததைப் படித்தாள்: "தினமும் ராத்திரி நீங்க வந்ததும் இன்னிக்கு டெஸ்ட்ல எவ்வளவுன்னு கேக்குறீங்க. எனக்கு நீங்க வர்ற வண்டிச் சத்தம் கேட்டாலே வயிறு வலிக்குது அப்பா."

அவர் வெகுநேரம் தரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார், அவளிடம் சொல்லத் தெரியாமல்: "பாப்பா பெருசான பிறகு அதுகிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல மேடம். மார்க் கேட்டா ரெண்டு வார்த்தை பேசும்னுதான் கேப்பேன்."

இத்தனை வருடத்தில் நான் கேட்ட வாக்கியங்களில் மறக்க முடியாத ஒன்று இது. பெண் பருவமடைந்ததும் தூரம் நின்று பழகிய அப்பா, தன் பாசத்துக்கு மிச்சமிருந்த ஒரே வாசலாக மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதே கேள்வி அவளுக்கு வட்டி கேட்பதாகக் கேட்டிருக்கிறது. அவளுக்கும் அன்றுதான் அது தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வேற ஏதாவது கேளுங்க" என்றாள்.

இரண்டு வாரம் மதிப்பெண் கேட்பதில்லை, தினம் ஒரு வேறு கேள்வி என்று ஒப்பந்தம். முதல் நான்கு நாளும் "சாப்பிட்டியா?" என்றே கேட்டிருக்கிறார். ஐந்தாம் நாள், "அந்தக் குட்டி இப்ப மேயுதா?"

செப்டம்பர்

காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் பாதி மதிப்பெண் கூட வரவில்லை. அன்றிரவு மறுபடி கையைக் கீறிக்கொண்டாள். இரண்டு மாதமாகப் பணம், நேரம் எல்லாம் போய் இதுதானா பலன் என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்த இரவை அவளோடு உட்கார்ந்து நிமிட நிமிடமாகப் பிரித்துப் பார்த்தோம். ஏழு மணிக்கு விடைத்தாள். எட்டரைக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு சொல். பத்து மணிக்குச் சாப்பிடாமல் மாடிக்குப் போனது. முதல் மாதமே நாங்கள் ஓர் அட்டையில் பாதுகாப்புத் திட்டம் எழுதியிருந்தோம். பார்பரா ஸ்டான்லி, கிரகரி பிரவுன் என்ற இருவர் உருவாக்கிய முறை அது: ஆபத்து வருவதன் அறிகுறி, தானாகச் செய்யக்கூடியவை, கூப்பிடக்கூடிய ஆட்கள், உதவி எண்கள் என்று படிப்படியாகப் போகும். 24 மணி நேரமும் கிடைக்கும் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் அதில் உண்டு. அந்த இரவு அவள் அட்டையை எடுத்துப் பார்த்தாள், ஆனால் தாமதமாக. கீறிக்கொண்ட பிறகு அப்பத்தாவுக்குப் போன் செய்தாள். அப்புறம் கீழே இறங்கிப்போய் அம்மாவை எழுப்பி, தானே கையைக் காட்டினாள்.

ஜூலையில் தழும்புகளை அம்மா கண்டுபிடித்தார். செப்டம்பரில் மகளே கொண்டுவந்து காட்டினாள். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அமர்வுகளை நிறுத்தவும் இல்லை. போன் செய்வது முதலில், காரியம் பிறகு என்று வரிசையை மாற்றுவதுதான் அடுத்த வேலை என்று அவளே சொன்னாள். அட்டை புத்தகப் பையிலிருந்து கதவுக்குப் பின்னால் இடம் மாறியது. அதற்குப் பின் அவள் கீறிக்கொள்ளவில்லை.

தனியாக ஒரு பஸ்

அக்டோபரில், "அடுத்த வாரம் நான் மட்டும் வர்றேன்" என்றாள். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியார் பஸ் ஸ்டாண்டு கூட்டம், ஊர்க்காரர் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள், வழியில் ஏதாவது செய்துகொண்டால் என்று அடுக்கினார். அப்புறம் மெதுவாக, "நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான் மேடம் தனியா பஸ் ஏறினேன். அதுவும் ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சை முறையைப் பதின்பருவத்துக்கு ஏற்ப மாற்றியவர்கள் அலெக் மில்லர், ஜில் ராத்தஸ். பெற்றோர் இரண்டு ஓரங்களுக்கு இடையே ஊசலாடுவதை அவர்கள் விவரிக்கிறார்கள்: தயாராகும் முன்பே தனியே தள்ளிவிடுவது, தயாரான பிறகும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. இந்த வீடு ஒரே வருடத்தில் இரண்டையும் செய்திருந்தது. ஏப்ரலில் மாடிக்கு அனுப்பினார்கள், ஜூலையில் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். நடுவில் படிகள் வேண்டும்.

முதல் வாரம் ஒரே பஸ்ஸில் அம்மா பின் இருக்கையில். அடுத்த வாரம் அம்மா ஊர் நிறுத்தம் வரை. மூன்றாம் வாரம் கட்டணமில்லா நகரப் பேருந்தில் அவள் மட்டும் வந்தாள், இறங்கியதும் ஒரு மிஸ்டு கால். அந்த ஒரு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார முடியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்ததாக அம்மா சொன்னார். மகளின் சிகிச்சையில் பாதி, அம்மா அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கிப் பழகுவதுதான்.

அந்த மாதங்களில் பேச்சு தானாகவே எதிர்காலத்துக்கு நகர்ந்தது. உயிரியல் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தாள். நீட் ஒரு முறை எழுதிப் பார்ப்பாள். இல்லையென்றால் கால்நடை மருத்துவம். அதற்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கும் என்பதை அவளே விசாரித்து வந்தாள். மாலைப் பயிற்சியை வாரம் மூன்று நாளாகக் குறைத்தார்கள். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கவில்லை. "நோட்டில அதை எழுதலம்மா" என்று அப்பா அவளிடம் சொன்னாராம்.

தாழ்ப்பாள்

மூன்று மாதம் கீறல் இல்லாமல் இருந்தால், அட்டை கதவுக்குப் பின்னால் இருந்தால், தட்டியதும் பதில் சொன்னால் தாழ்ப்பாளை மாட்டலாம் என்று நவம்பரில் எழுதினோம். பெற்றோர் பக்கம் ஒரு வரி: தட்டாமல் திறப்பதில்லை. அம்மா அதற்கு முன்பே தம் பாயைக் கீழே கொண்டுபோயிருந்தார்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அப்பா பழைய தாழ்ப்பாளை எடுத்தார். நான்கு ஸ்க்ரூவோடு ஒரு பாட்டிலில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ஸ்க்ரூடிரைவரை அவளிடமே கொடுத்துவிட்டு டார்ச் பிடித்தார்.

பிப்ரவரியில் பி.எச்.க்யூ-9 மதிப்பெண் 5. ஹீமோகுளோபின் 11.8. தூக்கம் ஏழு மணி நேரம், இன்னும் போதாது. தோழியோடு பேச்சு மீண்டுவிட்டது, ஆனால் பழைய நெருக்கம் இல்லை. அந்த வருத்தம் அவளிடம் இருக்கிறது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைப்பதை அடுத்த கல்வியாண்டில் பார்ப்போம் என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். அமர்வு மாதம் ஒரு முறை. பிளஸ் டூ தொடங்கும் ஜூனில் மட்டும் வாரம் ஒரு முறை வருவதாக அவளே தேதி போட்டு வைத்திருக்கிறாள்.

போன வாரம் அம்மா போன் செய்தார்.

"இப்ப உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிறா மேடம்" என்றார். "தட்டினா திறக்கிறா."

"நீங்க பேசினீங்கன்னு அவகிட்ட சொல்லணுமேம்மா" என்றேன்.

"இங்கதான் இருக்கா மேடம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."